ஒன்பது சதவீதம்

மேனேஜர் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். எங்கள் பிரிவில் இருபத்தொரு பேர், ஆளுக்கொரு கோடு. எல்லாருடைய கோடும் பச்சையாக, நீளமாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடியது. என்னுடையது சிவப்பு. அதைக் கோடு என்று சொல்வதுகூட அதிகம், நகத்தால் கீறிய அளவுதான் இருந்தது. பக்கத்தில், செயல்நேரம் ஒன்பது சதவீதம் என்று போட்டிருந்தது.

"என்ன மேடம் இது?" என்றார். என்னைவிடப் பத்து வயது இளையவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மேலிடத்திலிருந்து எது வந்தாலும் அதை அப்படியே எங்கள் தலையில் இறக்கி வைப்பதுதான் நிர்வாகம் என்று நம்புகிறவர்.

"போன மாசம் நான் எத்தனை விண்ணப்பம் முடிச்சேன்னு பாத்தீங்களா சார்?"

"அது வேற ரிப்போர்ட்."

"அதையும் திறங்க."

திறந்தார். அதில் நான்தான் முதலாவது. ஒரு நாளைக்கு நூற்றெண்பது விண்ணப்பம் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. நான் இருநூற்று முப்பதுக்குக் குறையவில்லை. நீளமான பச்சைக் கோட்டுக்காரர்களில் பாதிப்பேர் நூற்றெழுபதைத் தாண்டவில்லை. அவர் அதைப் பார்த்தார், மூக்கைத் தேய்த்துக்கொண்டார், மறுபடியும் சிவப்புக் கோட்டுக்கே போனார்.

"அதுல நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா இதுல நீங்க வேலையே செய்யல மேடம்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எனக்கு உச்சந்தலைவரை சுரீரென்று ஏறியது. வேலை முடிந்திருக்கிறது, ஆனால் நான் செய்யவில்லை. அப்படியானால் யார் வந்து செய்துவிட்டுப் போனது? கேட்க வாய்வரை வந்தது. அதற்குள் ஒரு கடிதத்தை நீட்டினார். நடப்பு மாதத்தில் செயல்நேரம் எழுபது சதவீதத்துக்குக் குறைந்தால் பணி நீட்டிக்கப்பட மாட்டாது. கையெழுத்துப் போட்டு ஒரு நகலை நான் வைத்துக்கொள்ள வேண்டும். பேனாவைப் பிடிக்கப் பெருவிரல் இன்னும் முழுசாக மடங்காததால் கையெழுத்துக் கோணலாக விழுந்தது. பதினாறு வருஷமாகப் போடும் கையெழுத்து.

அந்தப் பெருவிரலில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் வேலை மூன்றாவது மாடியில், ஜன்னலை ஆணியடித்து மூடிய ஒரு நீளமான கூடத்தில். காப்பீட்டு விண்ணப்பங்களை யாரோ எங்கேயோ படமெடுத்து அனுப்புவார்கள். திரையின் இடப்பக்கம் அந்தப் படம், வலப்பக்கம் நாற்பத்திரண்டு பெட்டிகள். படத்தில் இருப்பதைப் பார்த்துப் பெட்டிகளை நிரப்ப வேண்டும். பெட்டிக்குப் பெட்டி மவுஸால் க்ளிக், பட்டியலைத் திறக்க ஒரு க்ளிக், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இன்னொன்று, கடைசியில் அனுப்பு என்ற பொத்தான். ஒரு விண்ணப்பத்துக்கு அறுபது க்ளிக் என்று வையுங்கள். நூற்றெண்பதால் பெருக்கிக்கொள்ளுங்கள். பதினாறு வருஷத்தை நான் பெருக்கிப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டு பெருக்கிப் பார்த்துவிட்டது.

முதலில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போயின. பிறகு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை யாரோ கம்பியைச் சொருகி இழுப்பதுபோல ஒரு வலி. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் பக்கத்து நாற்காலிக்காரரிடம் நீட்டியபோது அவர் சிரித்துக்கொண்டே திறந்து கொடுத்தார். மூன்றாவது நாள் சிரிக்கவில்லை. வீட்டில் பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கும்போது கை விட்டுவிட்டது. காலில் விழாமல் தப்பித்தேன். என் கணவர் வந்து தரையைத் துடைத்தார். அவர் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர், மழைக்காலம் வந்தால் அவருக்கு வேலை படுத்துவிடும். வருஷத்தில் பாதி நாள் என் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. அதனால் இரண்டு பேரும் கையைப் பற்றிப் பேசினோமே தவிர வேலையைப் பற்றிப் பேசவில்லை.

டாக்டர் மணிக்கட்டை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, நரம்பு நசுங்குகிறது என்றார். கைக்கு ஒரு பட்டை கொடுத்தார். "மவுஸை விடுங்க. விடலேன்னா கத்தி வைக்கிறதைத் தவிர வேற வழி இல்ல" என்றார். மவுஸை விடுவதாம். பாத்திரம் கழுவுகிறவளிடம் தண்ணீரைத் தொடாதே என்கிற மாதிரி. மேனேஜரிடம் வேறு வேலை கேட்டேன். "எல்லாருக்கும்தான் மேடம் கை வலிக்குது" என்று அவர் தன் விரல்களைச் சொடுக்கிக் காட்டினார். படபடவென்று நன்றாகவே சொடுக்கின.

எனக்குக் கை கொடுத்தவர் ரேடியோ. அவருக்குக் கண் தெரியாது. எங்கள் கூடத்தின் கடைசி மேஜை அவருடையது. அவர் பிரிவு வேறு, தொலைபேசியில் வந்த புகார்களைக் கேட்டு எழுத்தாக்குவது அவர் வேலை. காதில் எப்போதும் ஹெட்போன், அதில் ஒரு குரல் அவருக்குத் திரையைப் படித்துச் சொல்லிக்கொண்டே இருக்கும். சேர்ந்த அன்றைக்கே, "கண்ணு தெரியாதவர்னு முதுகுக்குப் பின்னாடி சொல்றதுக்கு ரேடியோன்னு நேராவே கூப்பிடுங்க" என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவர். முப்பது வயதிருக்கும். நாக்கில் கொஞ்சம் மிளகாய் தடவித்தான் பேசுவார்.

ஒரு நாள் மதியம் அவர் மேஜையைக் கடந்து போகும்போதுதான் கவனித்தேன். மேஜையில் மவுஸே இல்லை.

"மவுஸ் எங்க தம்பி?"

"டிராயர்ல தூங்குது. வந்த அன்னிக்கே கழட்டிப் போட்டுட்டேன். அம்புக்குறி எங்க நிக்குதுன்னு பாத்துப் பாத்துத் தள்றதுக்கு எனக்கு என்னக்கா இருக்கு?"

நான் பதினாறு வருஷமாக மவுஸ் இல்லாமல் கணினி இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பத்தடி தள்ளி ஒருவர் அது இல்லாமல் நாலு வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு நாள்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு முதல் கோபம் என்மேல்தான் வந்தது.

அவர் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். ஹெட்போனைச் செருகி, பெட்டிக்குப் பெட்டி தாவவைக்கும் டாப் விசையைத் தட்டிக்கொண்டே போனார், உதடு எண்ணிக்கொண்டிருந்தது. "நாப்பத்திரெண்டு பெட்டி. ஏழாவது, பதினெட்டாவது, முப்பதாவது மூணும் பட்டியல். ஆல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு கீழ்அம்பைத் தட்டினா திறக்கும். உள்ள போய்த் தேடாதீங்க, முதல் எழுத்தை அடிங்க, அதுவே வந்து நிக்கும். டிக் போடணுமா, ஸ்பேஸ் பார்." கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் நின்றார். "இதை எவன் செஞ்சானோ, அனுப்புங்கிற பொத்தானைக் கொண்டுபோய் வரிசையில எல்லாத்துக்கும் பின்னாடி வச்சிருக்கான். நேரா முன்னாடி போனா இன்னும் இருபத்தேழு தடவை டாப் அடிக்கணும். கண்ட்ரோல் ஹோம் அடிச்சு மேல போயிட்டு, ஷிஃப்டைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தடவை டாப் தட்டுங்க, பின்னாடி போகும். அவ்வளவுதான், வாசல்ல போகாம கொல்லைப் பக்கமா போய்க் கதவைத் தட்டற மாதிரி." பதினாறு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் பார்த்த திரையை, பார்க்காத அந்த மனிதர் கால் மணி நேரத்தில் மனப்பாடமாகச் சொன்னார்.

முதல் வாரம் தடுமாற்றம்தான். கை தானாக வலப்பக்கம் ஓடும், நானே அடித்து இழுத்துக்கொள்வேன். இரண்டாவது வாரம் மவுஸின் மேல் கைக்குட்டையைப் போட்டு மூடி வைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு விண்ணப்பத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அதைத் தொடாமல் முடித்து அனுப்பினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கடைசி மேஜையைப் பார்த்து, "தம்பி, கொல்லைக் கதவு திறந்துடுச்சு" என்று கத்தினேன். அவர் ஹெட்போனைக் கழற்றாமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒரு மாதத்தில் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியது. பாட்டில் மூடியை நானே திறந்தேன். அது மூடி திறக்கும் சத்தம் இல்லை எனக்கு, ஒரு கச்சேரி.

அப்போது வந்து இறங்கியது அந்தச் சாஃப்ட்வேர். ஊழியர்கள் இருக்கையில் இருக்கிறார்களா, வேலை செய்கிறார்களா என்று பார்க்குமாம். விற்க வந்த ஆள் சூட்டும் கோட்டுமாக நின்று விளக்கினார். கீபோர்டைக் கண்காணித்தால் எல்லாருடைய கடவுச்சொல்லும் பதிவாகிவிடும், அது தப்பு, அதனால் அதை அணைத்து வைத்திருக்கிறோம், உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம். மவுஸ் நகர்ந்தால் வேலை. மூன்று நிமிஷம் நகராவிட்டால் ஓய்வு. எல்லாரும் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன், கை சரியாகிவிட்ட சந்தோஷத்தில்.

கடிதம் வாங்கிய அன்றைக்கு இதையெல்லாம் மேனேஜரிடம் வரிசையாகச் சொன்னேன். டாக்டர் சீட்டைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்ன வழி இது: "மேல எழுதிப் போட்டிருக்கேன் மேடம். அதுவரைக்கும் சும்மா அப்பப்ப மவுஸை ஆட்டிக்கிட்டே இருங்க."

"ஆட்டக்கூடாதுன்னுதான் சார் இந்தச் சீட்டு."

"வேலைக்காக ஆட்ட வேணாம். சும்மா ஆட்டுங்க."

வலிக்கு எது வேலை, எது சும்மா என்று தெரியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினேன். இரண்டு பெட்டி நிரப்புவது, ஒரு ஆட்டு. ஒரு பட்டியல், ஒரு ஆட்டு. சாமியாடுகிற மாதிரி. ஒரே வாரத்தில் மரத்துப்போன விரல்கள் திரும்பி வந்தன, முழங்கைக் கம்பியும் வந்தது. மணிக்கட்டு வீங்கி, கைக்கடிகாரத்தின் வார் சதையில் பதிந்து தடம் போட்டது. வீட்டில் கணவர், "ஆடினா போதும்னா டேபிள் ஃபேன்ல கட்டி விட்டுரு" என்றார். நான் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் என் கை வேடிக்கையாகிவிட்டது என்று அவரையும் சேர்த்துத் திட்டினேன். பாவம், அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு வீக்கம் தாங்காமல் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வீசினேன். வந்த ஆத்திரத்தில் மவுஸையும் தூக்கி அதன் மேலேயே ணங்கென்று வைத்தேன். கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டுத் திறந்தால், திரையில் அம்புக்குறி நடுங்கிக்கொண்டிருந்தது. கையை எடுத்துவிட்டேன். அப்போதும் நடுங்கியது. மவுஸின் அடியில் இருக்கும் சின்ன விளக்குக்குக் கீழே கடிகாரத்தின் நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது. முள் ஒவ்வொரு தடவை நகரும்போதும் அம்பு லேசாக உதறிக்கொண்டது.

அன்று மாலை என் கோடு பச்சையாகியிருந்தது.

எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அழுகைதான் வந்தது. என் பதினாறு வருஷத்தை மதிக்காத ஒன்று, என் கல்யாணத்துக்கு அத்தை கொடுத்த கைக்கடிகாரத்தின் முள்ளை மதிக்கிறது. ஆனாலும் அடுத்த நாளும் வைத்தேன். அதற்கடுத்த நாளும். மணிக்கட்டு மெல்ல வற்றியது.

ரேடியோவுக்கும் அதே கடிதம் போயிருந்தது. அவருடையது பூஜ்யம். நான் அவர் மேஜைக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்கும் ஒரு வாட்ச் கொண்டுவரேன் தம்பி. டிராயர்ல இருக்கிறதை எடுத்துச் செருகி மேல வச்சாப் போதும்."

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். அதில் யாரோ ஒரு பெண் புகார் சொல்வது தேய்ந்து கேட்டது.

"நான் வேலை செய்றேன்க்கா. எனக்குப் பதிலா வாட்ச் எதுக்கு வேலை செய்யணும்?"

"வேலை போயிடும்பா."

"போனா அவங்க அனுப்பினதாத்தான் இருக்கணும். நானே இல்லாத மாதிரி ஆகி இங்க உக்காந்திருக்க முடியாது." பிறகு சிரித்தார். "நீங்க வச்சுக்குங்க, தப்பில்ல. வைக்கலேன்னா உங்களுக்குக் கை போகும். வச்சா எனக்கு ரோஷம் போகும்."

எனக்குச் சுருக்கென்றது. தப்பில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் தப்பு மாதிரி இருந்தது. அவர்மேலும் கோபம் வந்தது, பெரிய இவர் என்று. அவர் தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். ஒன்றுக்குப் பதில் வந்தது: தங்கள் கருத்துக்கு நன்றி.

மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து காலையிலேயே கூப்பிட்டு, நரம்புப் பரிசோதனைக்கு ஒரு இடம் காலியாகியிருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். அப்போதுதான் கணினியைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போய் மேனேஜரிடம் நாள் முழுக்க விடுப்பு எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டார். பையை எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டேன். பரிசோதனை செய்யும் பெண் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "வாட்ச் கட்றதை நிறுத்திட்டீங்களா, நல்லது" என்றபோதுதான் நினைவு வந்தது. கடிகாரம் மவுஸுக்கு அடியில் இருக்கிறது. கணினி திறந்தே இருக்கிறது.

மறுநாள் போனபோது அது அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நரம்பு இன்னும் மோசமாகவில்லை, இப்படியே மவுஸைத் தொடாமல் இருந்தால் கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நிம்மதியில் மற்றதை மறந்துவிட்டேன்.

அடுத்த மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை கூட்டம். பெரிய அறையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு மேஜை, அதில் மேனேஜரின் மடிக்கணினி, ஒரு மவுஸ், சுவரில் பெரிய திரை. ரேடியோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அன்றைக்கு அவருக்குக் கடைசி நாள். வழியனுப்புவது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

மேனேஜர் அம்பை நகர்த்தி, கோடுகளைச் சுவரில் கொண்டுவந்தார். "ஒன்பது பெர்சன்ட்ல இருந்த ஒருத்தங்க எண்பத்தாறுக்கு வந்திருக்காங்க. மனசு வச்சா முடியும்கிறதுக்கு இதைவிட என்ன வேணும்? அதுலயும் இந்த ஒரு நாளைப் பாருங்க." ஒரு செவ்வாய்க்கிழமையைப் பெரிதாக்கினார். "நூறு பெர்சன்ட். காலையில உக்காந்தவங்க சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல. சாப்பாட்டுக்குக்கூடப் போகல!"

கைதட்டல். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நடந்து போனது நினைவில்லை. சட்டம் போட்ட ஒரு சான்றிதழை என் கையில் வைத்தார்கள், கனமாக இருந்தது. வலக்கையால் வாங்கியதில் மணிக்கட்டில் சுள்ளென்றது. என் விடுப்புச் சீட்டில் கையெழுத்துப் போட்ட அதே கை இந்தச் சான்றிதழிலும் போட்டிருந்தது, அதே பச்சை மையில். ஒரு எழுத்து பிசகவில்லை.

"ரெண்டு வார்த்தை பேசுங்க மேடம்."

உடம்பெல்லாம் எரிந்தது. திட்டுவதற்கு வார்த்தைகள் வரிசையில் நின்றன. பதினாறு வருஷமாகச் சேர்த்தவை, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. முதல் வரிசையில் பால்பாட்டில் மாதிரி வெள்ளைச் சட்டை போட்ட தலைமை அலுவலகத்துக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். சான்றிதழை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். பைக்குள் கையை விட்டுக் கடிகாரத்தை எடுத்தேன். மேஜைமேல் வைத்தேன். மேனேஜரின் மவுஸை இடக்கையால் தூக்கி அதன் மேல் மெதுவாக இறக்கிவிட்டு, இரண்டு கையையும் எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினேன்.

சுவரில் அம்பு நடுங்கத் தொடங்கியது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்கள். யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம், பிறகு அதுவும் இல்லை. மேனேஜர் சுவரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். மற்ற எல்லாரும் எதற்காகவோ என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ரேடியோவின் குரல் வந்தது. "என்னாச்சு? ஏன் எல்லாரும் கப்சிப்னு ஆயிட்டீங்க? அக்கா, அங்க என்ன நடக்குது?"

மேனேஜரின் கை மவுஸை நோக்கிப் பாதி தூரம் வந்து நின்றிருந்தது.

"சார்," என்றேன், "தம்பி கேக்கறார்ல. நீங்களே சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். சுவரில், செவ்வாய்க்கிழமையின் பச்சைக் கோட்டின் மேல், யாரும் தொடாத அந்த அம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.